ஹிஸ்டோகிராம்: கேமரா திரையை நம்பாதீர்கள்

கேமராவின் எல்சிடி திரையில் அழகாகத் தெரிந்த படம், வீட்டில் கம்ப்யூட்டரில் திறந்ததும் வெளிறியோ இருண்டோ கிடப்பது உங்களுக்கும் நடந்திருக்கும். சித்திரை வெயிலில் அந்தத் திரை மங்கலாகத் தெரியும். படம் இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுவீர்கள். விடியும் முன் அதே திரை பளிச்சென்று தெரியும். இது போதும் என்று விட்டுவிடுவீர்கள். இந்தக் கண்மயக்கம் இல்லாமல் படத்தை அளந்து காட்டுவதுதான் ஹிஸ்டோகிராம்.

எடுத்த படத்தைத் திரையில் வரவழைத்து டிஸ்ப்ளே அல்லது இன்ஃபோ பட்டனை அழுத்திப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் சிறிய மலை போன்ற வரைபடம் ஒன்று தோன்றும். இடது ஓரம் 0, அதாவது முழுக் கறுப்பு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. ஒவ்வொரு இடத்திலும் மலையின் உயரம், அந்த அளவு வெளிச்சத்தில் எத்தனை பிக்ஸல்கள் இருக்கின்றன என்பதைச் சொல்கிறது. அவ்வளவுதான்.

மலை நடுவில் இருந்தால்தான் நல்ல படம் என்று சிலர் சொல்வார்கள். அது சரியல்ல. மதுரையில் 1636-ல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலுக்குப் போய்ப் பாருங்கள். முற்றத்துப் பக்கம் பருத்த வெண்தூண்களில் வெயில். பின்னால் தாழ்வாரத்தில் நிழல். இங்கே இரண்டு பக்கமும் இரண்டு மலை, நடுவில் பள்ளம் என்று வருவதுதான் இயல்பு. தூண்களை மட்டும் ஃபிரேம் நிறைய எடுத்தால், கேமராவின் மீட்டர் வெள்ளையைச் சாம்பலாக்கப் பார்க்கும். மலை நடுவில் வந்து நிற்கும், தூணோ அழுக்காகத் தெரியும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் +0.7 கூட்டுங்கள்.

தாழ்வாரத்து இருட்டு ஃபிரேமில் அதிகமானால் கதை மாறும். கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். மலை வலது சுவரில் முட்டி ஏறும். தூணின் சுண்ணாம்புப் பூச்சும் மேலே உள்ள சுதை வேலைப்பாடும் 255-ல் கரைந்துவிடும். ஜேபெக் படத்தில் அப்படிப் போனதை எந்த சாஃப்ட்வேரும் மீட்டுத் தராது. இடது பக்க இருட்டையாவது, கொஞ்சம் புள்ளி புள்ளியாக வந்தாலும், பிறகு தூக்கிவிடலாம். எனவே -0.7 வைத்து மறுபடி எடுங்கள்.

மறுபடி எடுக்க முடியாத படம்? சித்ரா பௌர்ணமி விடியலில் தங்கக் குதிரையில் கள்ளழகர் வைகையில் இறங்கும் நேரம்தான். என்ன நிறப் பட்டு என்பதுதான் ஊர் முழுக்கப் பேச்சு. பச்சை என்றால் அந்த வருடம் செழிப்பு என்பது நம்பிக்கை. மஞ்சள் விளக்கொளியில் தங்கம் மின்னும்போது, பொதுவான வரைபடம் ஒழுங்காக இருக்க, சிவப்புச் சேனல் மட்டும் வலது சுவரில் முட்டியிருக்கும். தங்கத்தின் நகாசு வேலை தட்டையாகிவிடும், நிறமும் மாறும். ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே காட்டும் வரைபடம் உங்கள் கேமராவில் இருந்தால் அதைப் பாருங்கள். அழகர் வருவதற்கு முன்பே, அதே விளக்கில் நிற்கும் வேறெதையாவது எடுத்துச் சரிபார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இலவச ஜிம்ப் சாஃப்ட்வேரில் கலர்ஸ் மெனுவில் லெவல்ஸ் கிளிக் செய்தால் இதே வரைபடம் வரும். அதில் அம்புக்குறிகளை அதிகம் இழுத்தால் மலையில் சீப்புப் பல் போல இடைவெளி விழும். வானம் பட்டை பட்டையாகத் தெரியக்கூடும். திருத்திய படத்தை வேறு பெயரில் சேமியுங்கள்.