கட்டளையிடாமல் கேளுங்கள்: ஆங்கிலத்தில் பணிவாகப் பேச ஒரு வழி

ஆடிப்பெருக்கன்று பூஜை போட்டுப் புது காலண்டர் ஆல்பத்தை வெளியிட்டுவிட்டால், அதன்பிறகு சிவகாசி அச்சகங்களில் போன் ஓயாது. பட்டாசுக் கம்பெனி ஆபீஸ்களிலும் தீபாவளி வரை இதே கதைதான். வெளிமாநிலப் பார்ட்டிகளோடு பேச வேண்டும், மெயில் போட வேண்டும், வாட்ஸ்அப்பில் பதில் சொல்ல வேண்டும். இந்தி வராதவர்களுக்குக் கைகொடுப்பது ஆங்கிலம். பில் போடுகிறவர், லோடு அனுப்புகிறவர், டிசைன் பார்க்கிறவர் எழுதும் நாலு வரியை வைத்துத்தான் அந்தப் பக்கம் இருப்பவர் கம்பெனியை எடைபோடுகிறார்.

அந்த நாலு வரியில் அடிக்கடி கண்ணில் படுவது இது: “சார், செண்ட் தி பேலன்ஸ் அமவுண்ட் டுடே.” எழுதியவர் மனதில் துளியும் அதிகாரம் இல்லை. “இன்னைக்கு பாக்கியை அனுப்பிருங்க சார்” என்றுதான் நினைத்திருப்பார். தமிழில் ‘ங்க’ சேர்ந்ததும் மரியாதை வந்துவிடுகிறது. ஆங்கில வினைச்சொல்லுக்கு அப்படியொரு விகுதி கிடையாது. வாக்கியம் ‘செண்ட்’ என்று தொடங்கினால், எத்தனை ‘சார்’ போட்டாலும் அது கட்டளைதான். ‘ப்ளீஸ்’, ‘கைண்ட்லி’ சேர்த்தால் சற்று இளகும். ஆனாலும் ‘இன்று முடியாதே’ என்று சொல்ல அவருக்கு வழி விடாது.

அந்த வழியை விடுபவை மோடல் வெர்ப் எனப்படும் துணைவினைகள்: கேன், குட், வில், வுட், மே, ஷேல் போன்றவை. யாரிடம் எதை வேண்டினாலும், இவற்றில் பொருத்தமானதை முன்னால் வைத்துக் கேள்வியாகக் கேளுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் பாதிக் குறை தீர்ந்துவிடும்.

எதை எங்கே பயன்படுத்துவது?

குட் யூ: அன்றாட வேலைக்கு இது போதும். “குட் யூ செண்ட் தி பேலன்ஸ் அமவுண்ட் டுடே, சார்?” இதில் ‘எல்’ ஒலிக்காது. தினமும் பேசிப் பழகிய லாரி ஆபீஸ்காரரிடம் ‘கேன் யூ’ என்றே கேட்கலாம். முதல்முறை எழுதும் பார்ட்டிக்கும் வயதில் மூத்தவருக்கும் ‘குட் யூ’ நல்லது. ‘கேன்’ என்பதன் இறந்தகாலம் ‘குட்’ என்று பள்ளியில் படித்ததை இங்கே மறந்துவிடுங்கள். இது இன்றைக்கோ நாளைக்கோ ஆக வேண்டியதைப் பணிவாகக் கேட்பது. பதில் சொல்லும்போது மட்டும் “யெஸ், ஐ குட்” வேண்டாம். “யெஸ், ஐ கேன்” அல்லது “சர்ட்டன்லி, சார்” சரி.

வுட் யூ மைண்ட்: எதிராளிக்குச் சிரமம் தரும் வேலையைக் கேட்கும்போது இது உதவும். காலண்டரின் அடியில் வரும் கடைப் பெயரையும் போன் நம்பரையும் ப்ளேட் போடுவதற்கு முன் ஒருமுறை பார்க்கச் சொல்ல வேண்டுமா? “வுட் யூ மைண்ட் செக்கிங் தி ப்ரூஃப் ஒன்ஸ் மோர்?” இதற்குப் பின்னால் வரும் வினை ‘இங்’ என்று முடிய வேண்டும். இதே கேள்வி உங்களிடம் வந்தால் பதிலில் கவனம் தேவை. ‘ஆட்சேபணை உண்டா’ என்று கேட்கிறார்கள். எனவே “நோ, நாட் அட் ஆல்” என்றால்தான் சம்மதம்.

மே ஐ: நாம் ஒன்றைச் செய்ய அனுமதி கேட்பது, ஒரு தகவலைப் பெறுவது. “வாட் இஸ் யுவர் ஜிஎஸ்டி நம்பர்?” என்பது விசாரணை போல ஒலிக்கும், “மே ஐ ஹேவ் யுவர் ஜிஎஸ்டி நம்பர், சார்?” என்பது மரியாதை. போனில் யார் என்று தெரியாவிட்டால் “ஹூ இஸ் திஸ்?” வேண்டாம், “மே ஐ நோ ஹூ இஸ் காலிங்?” என்று கேளுங்கள். ‘மே யூ செண்ட்’ என்று வேண்டுகோள் வைக்கும் வழக்கம் ஆங்கிலத்தில் இல்லை. ‘மே’ நமக்கு, ‘குட்’ அவருக்கு.

ஷேல் வி: நாமே முன்வந்து செய்யக் கேட்பது. “ஷேல் வி டிஸ்பேட்ச் தி கூட்ஸ் ஆன் மண்டே?” முடிவை அவர் கையில் விடுகிறோம்.

இரண்டு பிழைகள்

“குட் யூ டெல் மீ வென் வில் தி லாரி ரீச் இந்தூர்?” பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். கேள்வியின் வரிசை ஒருமுறை வந்தால் போதும், அது ‘குட் யூ’விலேயே வந்துவிட்டது. பின்பாதி சாதாரண வாக்கியமாக ஓட வேண்டும்: “குட் யூ டெல் மீ வென் தி லாரி வில் ரீச் இந்தூர்?” ஆமா, இல்லையா என்று கேட்பதானால் நடுவில் ‘வெதர்’ போடுங்கள்: “குட் யூ டெல் அஸ் வெதர் யூ ஹேவ் ரிசீவ்டு தி பார்சல்?”

அடுத்தது, துணைவினைக்குப் பின்னால் வரும் வினை மாறாமல் நிற்க வேண்டும். ‘குட் யூ கன்ஃபர்ம்டு’, ‘கேன் ஹி கம்ஸ்’ இரண்டும் பிழை. ‘கன்ஃபர்ம்’, ‘கம்’ போதும்.

அரசு அலுவலகத்துக்கு எழுதும்போது

வெடிபொருள் உரிமங்களைக் கவனிக்கும் பெசோ அமைப்புக்குத் தலைமையகம் நாக்பூர். சிவகாசியிலும் அலுவலகம் இருக்கிறது. இத்தகைய அலுவலகங்களுக்கு எழுதுகையில் ‘டூ தி நீட்ஃபுல்’ என்று முடிப்பவர்கள் அதிகம். எது ‘நீட்ஃபுல்’ என்று அதிகாரி யோசிக்க வேண்டியிருக்கிறது. விண்ணப்ப எண்ணையும் தேதியையும் முதல் வரியில் கொடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: “வி வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் இன்ஃபார்ம் அஸ் ஆஃப் தி ஸ்டேட்டஸ் ஆஃப் அவர் அப்ளிகேஷன்.” இது கேள்வி வடிவில் இல்லாததால் முற்றுப்புள்ளிதான், கேள்விக்குறி இல்லை. ‘குட் யூ ப்ளீஸ் கைண்ட்லி’ என்று அடுக்க வேண்டாம். பணிவு ஒரு வாக்கியத்துக்கு ஒரு தடவை போதும். மிகுந்தால் கெஞ்சல் ஆகிவிடும்.

மறுப்பதற்கும் முறை உண்டு

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் சரவெடியையும் பேரியம் உப்புகள் கலந்த பட்டாசையும் தடை செய்தது. ஆனாலும் சரவெடி கேட்டு வரும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் “நாட் பாசிபிள்” என்று வெட்டிவிடாதீர்கள். “ஐ அம் அஃப்ரைட் வி கேனாட் சப்ளை ஜாயின்டு கிராக்கர்ஸ், சார். தி சுப்ரீம் கோர்ட் ஹேஸ் பேண்டு தெம். வுட் யூ லைக் டு சீ அவர் கிரீன் கிராக்கர்ஸ் லிஸ்ட்?” முதல் வரியில் வருத்தம், அடுத்ததில் காரணம், கடைசியில் மாற்று வழி. சட்டம் சம்பந்தப்பட்ட இடத்தில் ‘மே நாட்’, ‘மைட் நாட்’ என்று இழுக்காதீர்கள். கேட்டுப் பார்த்தால் கிடைக்கும் என்று நினைப்பார். ‘கேனாட்’ என்று தெளிவாகச் சொல்வதும் மரியாதைதான்.

பணிவுக் கேள்வி கூடாத இடம்

ஆலைக்குள் இந்தப் பாடம் செல்லாது. வெளிமாநில லாரி டிரைவரிடமோ பார்வையாளரிடமோ “குட் யூ ப்ளீஸ் அவாய்டு ஸ்மோக்கிங்?” என்று கேட்டால், அது அவர் விருப்பம் என்று பொருளாகிவிடும். மருந்து கலக்கும் அறையில் ஒரு சிறு உராய்வு போதும், உயிர் போய்விடும். அங்கே “நோ ஸ்மோக்கிங்” என்றும் “யூ மஸ்ட் லீவ் யுவர் போன் அவுட்சைட்” என்றும் நேராகச் சொல்லுங்கள். பாதுகாப்புக்கு உரிய சொல் ‘மஸ்ட்’. போர்டிலும் அதையே எழுதுங்கள்.

பழகிக்கொள்ள

சிவகாசி, விருதுநகர் கல்லூரிகளில் படிப்பவர்கள் இதை நேர்முகத் தேர்வுக்கு முன்பே வாயில் பழக்கிக்கொள்ள வேண்டும். கேள்வி காதில் விழாவிட்டால் “வாட்?” என்பதற்குப் பதில் “குட் யூ ரிபீட் தி கொஸ்சன், ப்ளீஸ்?” முடிவு எப்போது என்று அறிய “மே ஐ ஆஸ்க் வென் ஐ கேன் எக்ஸ்பெக்ட் தி ரிசல்ட்?”

இந்த ஊரின் தொழிலே கேட்டுக் கற்றதில் பிறந்தது. 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா வரை போய்த்தான் தீப்பெட்டித் தொழிலைப் படித்து வந்தார்கள். தெரியாததைக் கேட்பதில் நமக்கு வெட்கம் தேவையில்லை. கேட்கும் முறையைத்தான் கற்க வேண்டும்.

இன்று மாலை வேலை முடிந்ததும், கடைசியாக அனுப்பிய மெசேஜ்களைத் திறந்து பாருங்கள். வினைச்சொல்லில் தொடங்கும் வாக்கியங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ‘குட் யூ’ அல்லது ‘மே ஐ’ போட்டு மாற்றி எழுதுங்கள். எழுதியதை இரண்டு தடவை வாய்விட்டுச் சொல்லுங்கள். உங்கள் வேலைக்குத் தேவையான வாக்கியங்கள் இருபதைத் தாண்டாது. அவற்றை ஒரு தாளில் எழுதி போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த பார்ட்டி கூப்பிடும்போது அதைப் பார்த்தே பேசலாம், தவறில்லை.