வளிக்குழாயும் நீர்க்குழாயும்

(வீட்டு வேலைத்தலம் அமைப்போருக்குச் சில குறிப்புகள்)

கைத்தொழிலில் விருப்புடையோர் பலர் தம் இல்லத்தின் ஒரு புறத்தே சிறு வேலைத்தலம் ஒன்றை அமைத்துக் கொள்கின்றனர். இரும்பு அரைத்தல், வாகனங்களுக்கு நிறம் பூசுதல், சில்லுகளுக்குக் காற்றடித்தல் முதலியன ஆங்கே நிகழ்வன. இவற்றுக்கு அமுக்கிய வளியும் நீரும் வேண்டப்படுதலின், சுவர் வழியே இரண்டு குழாய்கள் செல்லுதல் இயல்பு. புறத்தே நோக்குவார்க்கு இரண்டும் ஒரு தன்மையனவாகவே தோன்றும். கிணற்று நீருக்கென வாங்கிய பிளாஸ்ரிக் குழாயில் எஞ்சியதை வளிக்கும் பூட்டினால் என்னவென்று வினவுவாரும் உளர். அவ்வாறு செய்தல் உயிருக்கே இடராய் முடியலாம் என்பதையும், அதற்குரிய காரணம் நாம் கல்லூரியிலே கற்ற பௌதிகத்திலேயே உளது என்பதையும் ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

இரண்டின் இயல்பு

நீரை எவ்வளவு அமுக்கினும் அதன் கனவளவு குறைவது மிகச் சிறிதே. வளியோ அவ்வாறன்று. வெப்பநிலை மாறாதிருப்பின், அமுக்கம் இருமடங்காகும்போது வளியின் கனவளவு பாதியாகும். இது 1662 இல் றொபேட் போயில் வெளியிட்ட விதி. வில்லை வளைத்தவன் செய்த வேலை நாண் விடுபடும் வரை வில்லிலே தங்கியிருத்தல் போல, அமுக்கிய வளியும் விரிவதற்குக் காத்திருக்கின்றது.

எவ்வளவு சத்தியுடன் காத்திருக்கின்றது என்பதைக் கணித்துப் பார்ப்போம். நூறு லீற்றர் கொள்ளும் தாங்கியிலே, வளிமண்டல அமுக்கத்துக்கு மேல் 8 பார் அமுக்கத்தில் வளி நிறைந்திருப்பதாகக் கொள்க. அது சடுதியில் விரியுமாயின் ஏறத்தாழ ஓர் இலட்சம் யூல் சத்தி வெளிப்படும். ஆயிரங் கிலோகிராம் பாரத்தைப் பத்து மீற்றர் உயர்த்த இச்சத்தி போதும். அதே தாங்கியிலே அதே அமுக்கத்தில் நீர் நிறைந்திருப்பின், அந்நீரிலுள்ள சத்தி 15 யூல் அளவினதே. ஒரு கிலோகிராம் பாரத்தை ஒன்றரை மீற்றர் உயர்த்துதற்கே அது போதுமானது.

ஆதலின் நீர்க்குழாய் வெடித்தால் அமுக்கம் அக்கணமே வீழ்ந்துவிடும். நிலம் நனையும், அவ்வளவே. வளிக்குழாய் வெடித்தாலோ, உள்ளிருந்த வளி விரிந்துகொண்டே உடைந்த துண்டுகளைத் தள்ளிச் செல்லும். அல்ப்ஸ் மலையை ஊடறுத்து 1871 இல் திறக்கப்பட்ட மொன் செனி சுரங்கப் பாதையிலே, பாறை துளைக்கும் பொறிகளை இயக்கியது அமுக்கிய வளியே. மலையைத் துளைக்க உதவிய பொருளை விளையாட்டாகக் கருதுதல் தகாது.

குழாயைத் தெரிதல்

பீ.வீ.சி. எனப்படும் பிளாஸ்ரிக் குழாய் நீருக்கு மிக ஏற்றது. துருப்பிடியாது, விலையும் குறைவு. ஆயினும் அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கும் அமுக்க எண் நீரை எண்ணிக் குறிக்கப்பட்டதேயன்றி வளியை எண்ணியன்று. சூட்டினால் அதன் வலிமை பெரிதும் குன்றும். 23 பாகை செல்சியஸில் அது தாங்கும் அமுக்கத்தில் காற்பங்கு தானும் 60 பாகையிலே தாங்கமாட்டாது. வளியமுக்கியிலிருந்து, அஃதாவது கராச்சுகளிலே கம்பிறசர் என்று வழங்கும் பொறியிலிருந்து, வெளிவரும் வளியோ சூடானது. உடையுங்கால் அக்குழாய் கிழிந்து விரியாது, கூரிய துண்டுகளாய்ச் சிதறும். இக்காரணம் பற்றியே 1988 இல் ஐக்கிய அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு நிருவாகம், நிலத்துக்கு மேலே செல்லும் வளிக்குழாய்களுக்குப் பீ.வீ.சி. ஆகாதென எச்சரித்தது. பல்லாண்டு பழுதின்றி இருந்ததே என்று கூறுதல் சான்றாகாது. நாட்செல்லச் செல்ல அப்பொருள் நொய்ம்மையடையும்.

எனவே வளிக்கு உருக்கு, செம்பு, அலுமினியம் என்பவற்றால் ஆய குழாய்களுள் ஒன்றையே கொள்க. பிளாஸ்ரிக் வேண்டுமாயின், அமுக்கிய வளிக்கென்றே செய்து அவ்வாறு குறிக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும்.

வளியுள் மறைந்த நீர்

வளிக்குழாயிலே நீரும் வரும் என்பதைப் பலர் எண்ணுவதில்லை. முப்பது பாகை வெப்பத்திலே ஒரு கன மீற்றர் வளி ஏறத்தாழ 30 கிராம் நீராவியைக் கொள்ளும். ஈரப்பதன் 80 சதவீதமாயின் அதில் இருப்பது 24 கிராம். அவ்வளியை மேற்கூறிய 8 பார் வரை அமுக்கி ஆறவிட்டால் அதன் கனவளவு ஒன்பதிலொன்றாகும். ஆகவே மூன்று கிராமுக்குச் சற்று மேற்பட்ட ஆவியையே அது கொள்ளும். எஞ்சிய இருபது கிராமளவு ஒடுங்கி நீராகிவிடும். நிமிடத்துக்கு நூறு லீற்றர் வளியை உள்ளிழுக்கும் பொறி ஒரு மணி நேரம் ஓடினால், ஒரு சிறு கிண்ணம் நீர் சேரும் என்க.

இந்நீர் தாங்கியின் அடியிலே தங்கி, உட்புறத்தைத் துருவால் அரித்து மென்மையாக்கும். நிறம் பூசுங்கால் துளியாய் வெளிப்பட்டு வேலையைக் கெடுக்கும். வேலை முடிந்த ஒவ்வொரு நாளும் தாங்கியின் அடியிலுள்ள வடிகால் வால்வைத் திறந்து நீரை வெளியேற்றுதல் கடமையாகும்.

வளிக்குழாய் அமைக்கும் முறை

1. வளியமுக்கியையும் சுவர்க் குழாயையும் அமுக்கந் தாங்கும் வளைகுழாய் ஒன்றினால் இணைக்க. இன்றேல் பொறியின் அதிர்வினால் மூட்டுகள் தளரும்.

2. முதன்மைக் குழாய், பொறியிலிருந்து செல்லச் செல்ல மீற்றருக்கு ஒரு சதமமீற்றர் வீதம் தாழ்ந்து செல்லுதல் வேண்டும். அதன் கடைக்கோடியிலே வடிகால் வால்வு ஒன்று இருத்தல் வேண்டும்.

3. கிளைக் குழாய்களை முதன்மைக் குழாயின் மேற்புறத்திலிருந்து எடுத்து, வளைத்துக் கீழிறக்குக. நீர் குழாயின் அடியில் ஓடுமாதலின், கீழ்ப்புறத்தில் எடுத்த கிளையிலே அது நேரே இறங்கிவிடும்.

4. ஒவ்வோர் இறக்கத்தின் அடியிலும் ஒரு சாண் குழாயை மிகுதியாக விட்டு, அதன் நுனியிலும் வடிகால் வால்வு பூட்டுக. கருவிக்குரிய வாயை அதற்கு மேலே பக்கவாட்டில் எடுக்க.

5. நீர்வடியையும் அமுக்கச் சீராக்கியையும் பொறியின் அருகில் வையாது, கருவியின் அருகில் வைக்க. வளி குழாய்வழி வந்து ஆறிய பின்னரே நீர் பிரியும்.

தாங்கியிலுள்ள பாதுகாப்பு வால்வை அடைத்தலோ இறுக்குதலோ ஒருபோதும் கூடாது. உடையிலுள்ள தூசைப் போக்க வளியை உடலின்மீது பாய்ச்சும் வழக்கமும் விடத்தக்கதே.

நீர்க்குழாய் பற்றி

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலமாதலின் எமது கிணற்று நீர் வன்னீர். குழாய்களிலே படிவு சேரும். மேனிலைத் தாங்கி ஐந்து மீற்றர் உயரத்திலிருப்பினும் கிடைக்கும் அமுக்கம் அரைப் பார் அளவினதே. இவ்விரண்டையும் எண்ணிச் சற்று அகன்ற குழாயையே இடுக. கழுவு தொட்டிக்கு மேலே நீர்க்குழாயின் வாய், தொட்டி விளிம்புக்கு மேல் குழாய் விட்டத்தின் இருமடங்கேனும் உயர்ந்திருத்தல் வேண்டும். வாய் நீருள் அமிழ்ந்திருப்பின், குழாயில் அமுக்கம் குறையுங்கால் எண்ணெயும் அழுக்கும் கலந்த நீர் பின்னோக்கி ஏறி, வீட்டார் குடிக்கும் நீரையுங் கெடுக்கும்.

பரிசோதனை

புதிய வளிக்குழாயை வளியால் நிரப்பிப் பார்த்தலே முறையென்று தோன்றும். அஃது ஆபத்தான முறை. நீரால் நிரப்பிப் பார்த்தலே நன்று. சீராக்கி, வடி, வளைகுழாய் யாவற்றையும் கழற்றி, வளியமுக்கியையும் பிரித்துவிட்டு, வாய்களை அடைக்க. உயர்ந்த இடங்களிலே வளி சிறிதும் தங்காவண்ணம் குழாயை நீரால் நிரப்புக. பின்னர்க் கைப்பம்பியினால் தொழில் அமுக்கத்தின் ஒன்றரை மடங்குக்கு உயர்த்துக. 8 பாருக்கு 12 பார் ஆகும். அரை மணி நேரம் அமுக்கமானியை நோக்குக. முள் இறங்கின் எங்கோ ஒழுக்குண்டு. குழாயே உடையினும் உடைந்த இடத்தில் நீர் சொட்டுமேயன்றி எவர்க்கும் தீங்கு வாராது. முன்னே கண்ட 15 யூலின் பொருள் இதுவே. இதன்பின் நீரை வடித்து, குறைந்த அமுக்கத்தில் வளியை விட்டு, மூட்டுகளிலே சவர்க்கார நீர் பூசிக் குமிழி எழுகின்றதா என்று காண்க.

வேலைத்தலத்திலே குழாய் பூட்டுபவர் ஒருவராயினும், அங்கு வந்து நிற்போர் வீட்டுப் பிள்ளைகள் யாவருமாவர். போயிலின் விதியைப் பரீட்சைக்கெனக் கற்றோம். அவ்விதி எம் சுவரிலுள்ள குழாயினுள்ளும் ஓயாது தொழிற்படுகின்றது. ஏற்கெனவே வளிக்குப் பீ.வீ.சி. பூட்டியிருப்போர் இன்றே தாங்கியின் வளியை வெளியேற்றி, உலோகக் குழாய் இடும்வரை அதனைப் பயன்படுத்தாது விடுவாராக.