இரண்டு வன்தட்டு இருந்தால் போதுமா?

மாணவர்களே, வீட்டுப் படங்களை ஒரே இடத்தில் சேர்த்துவைக்க, ரௌட்டரோடு இணைக்கும் சேமிப்புப் பெட்டி வாங்கப் போகிறீர்களா? இரண்டு வன்தட்டு பொருத்தும் பெட்டியே பாதுகாப்பு என்பார்கள். ‘ரெய்டு 1’ முறையில் ஒரு தட்டில் பதிவது அப்படியே மற்றதிலும் பதியும். அதனால் 4 டெராபைட் தட்டு இரண்டு போட்டாலும் உங்களுக்குக் கிடைப்பது 4 டெராபைட்தான். ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும், உண்மை. ஆனால் தம்பி தவறுதலாகப் பாட்டியின் படங்களை அழித்துவிட்டால்? இரண்டிலும் சேர்ந்தே அழியும். வைரஸ் கோப்புகளைக் கெடுத்தாலும் அதே கதிதான்.

கையில் இரண்டு தட்டுக்கு மட்டுமே பணம் இருந்தால், ஒரு தட்டுப் பெட்டியே வாங்குங்கள். (பழைய கணினி சும்மா கிடந்தால் அதில் லினக்ஸ் போட்டுப் பெட்டிச் செலவையும் மிச்சப்படுத்தலாம், மின்கட்டணம் சற்றுக் கூடலாம்.) இரண்டாவது தட்டை வாரம் ஒருமுறை யுஎஸ்பி வழி இணைத்து நகலெடுத்து, உடனே கழற்றி அலமாரியில் வையுங்கள். செருகியபடியே விட்டால் வைரஸ் அதையும் எட்டிவிடும்.