நாணயச் சங்கமும் மனித சுபாவமும்

(சங்க அங்கத்தினர் கூடிப் படித்துச் சிந்திப்பதற்குரிய பாடம்)

"ஐக்கிய நாணயச் சங்கம்" என்று பழைய நாளில் வழங்கிய பெயரில் ஒரு நுட்பம் உண்டு. நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் பொருள். யோக்கியதை என்றும் பொருள். முன்னது பெட்டியில் இருக்கிறதா என்பதைத் தணிக்கை செய்ய வருபவர் அரை மணி நேரத்தில் எண்ணிப் பார்த்துவிடுவார். பின்னது இருக்கிறதா என்பது தவணை நாளில்தான் தெரியும். ஆதலின், வட்டிக் கணக்குக் கற்குமுன் மனித சுபாவத்தைச் சிறிது கற்பது அங்கத்தினர்க்கு நலம் தரும்.

1. குணமே ஈடு

ஜெர்மனி தேசத்தில் ஊர்த் தலைவராயிருந்த ரைபீசன் (1818–1888) என்பவர், நிலமும் நகையும் இல்லாத குடியானவனுக்கும் ஒரு சொத்து உண்டு என்று கண்டார். அஃது அவனுடைய குணம். ஆனால் குணத்தின் மதிப்பை அயலூரான் அறியான். அடுத்த வீட்டுக்காரனே அறிவான். எனவே சங்கம் ஓர் ஊரளவில் சிறிதாயிருத்தல் வேண்டும், கடனுக்கு எல்லோரும் வரம்பின்றிப் பொறுப்பேற்க வேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார்.

ஐரோப்பிய விவசாய பாங்குகளைச் சென்னை மாகாண அரசாங்கத்திற்காக ஆராய்ந்த பிரெடரிக் நிக்கல்சன், 1895, 1897 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகமாக வெளியிட்ட அறிக்கையில் இம்முறையையே நம் நாட்டுக்கு ஏற்றதாகக் கூறினார். 1904-ஆம் வருஷத்துச் சட்டமும் கிராமச் சங்கங்களுக்கு வரம்பற்ற பொறுப்பையே விதித்தது. பிற்காலத்தில் சட்டங்கள் பலமுறை மாறின. குணத்தைப் பற்றிய அந்த விதி மாறவில்லை.

2. கடனாளியின் இரு முகங்கள்

கடன் கேட்க வருபவர் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவார். காரியதரிசியின் குழந்தைக்குச் சுரம் குறைந்ததா என்று கவலையோடு விசாரிப்பார். தவணை கடந்தபின் அதே மனிதர் காரியதரிசியைக் கண்டால் வேறு தெருவழியே போவார். மேலும் ஒரு மாதம் சென்றால், "இந்தச் சங்கம் ஏழைகளை வாட்டுகிறது" என்று திண்ணையில் பிரசங்கம் செய்வார்.

அவர் கெட்டவர் அல்லர். வாங்கிய பணம் கைக்கு வந்தவுடன் அது தம்முடையது என்று எண்ணுவது மனித இயல்பு. உண்மையில் அது பக்கத்து வீட்டு விதவை சிறுகச் சேர்த்த வைப்புத் தொகை. எதிர் வீட்டுக்காரரின் அடுத்த பருவத்து விதைநெல். திரும்பி வராத ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவருடைய வயலைத் தரிசாக்குகிறது. இதை உணர்ந்தவனுக்குத் தவணை நோட்டீசு வேண்டுவதில்லை.

3. தாட்சணியம் என்னும் தருமம்

நம்மவர் ஜாமீன் கையெழுத்திடுவதைத் தாம்பூலம் வாங்கிக்கொள்வதுபோல் கருதுகின்றனர். மறுத்தால் மனம் நோகுமே என்று கையெழுத்திடுவார்கள். ஏர்மாட்டுக்கென்று வாங்கிய கடன் கலியாணப் பந்தியில் செலவாகும். பந்தியில் உண்டவர் அன்றிரவே கலைந்துவிடுவர். ஜாமீன்தாரர் மட்டும் இலையைவிட்டு எழ முடியாமல் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். முடிவில் விற்கப்படுவது அவருடைய மாடாயிருக்கலாம். முதல் நாளில் "முடியாது" என்று சொல்லும் ஒரு நிமிஷத்துச் சங்கடம், இருவருடைய நட்பையும் காப்பாற்றியிருக்கும்.

4. வடபழனி தரும் பாடம்

சங்கம் தொடங்கும் நாளில் மாலைக்கு நீளும் கழுத்துகள் பல; மூன்றாம் ஆண்டில் பேரேடு எழுத நீளும் கை ஒன்றேனும் இருப்பது அரிது. தொடங்கியவன் என்ற பெயரை எல்லோரும் விரும்புகிறோம். தொடர்ந்தவன் என்ற பெயருக்குப் போட்டியே இல்லை.

சென்னையில் கோடம்பாக்கத்தை அடுத்த வடபழனியைப் பாருங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அண்ணாசாமித் தம்பிரான் என்பவர் அங்கே ஓர் ஓலைக் கொட்டகையில் பழனியாண்டவர் படத்தை வைத்துப் பூசித்தார். அவருக்குப்பின் இரத்தினசாமிச் செட்டியாரும், அவருக்குப்பின் பாக்கியலிங்கத் தம்பிரானும் அப்பணியை மேற்கொண்டனர். முதல்வர் கட்டிய கொட்டகையை "என்னுடையதன்று" என்று பின்வந்தவர் கைவிட்டிருந்தால், ஒரு மழைக்காலத்திற்குமேல் அது நின்றிராது. இன்று பெரிய கோபுரத்தோடு கோயில் விளங்குகிறது. மூவர் சமாதிகளும் அவ்வூரிலேயே உள்ளன. 1904-இல் ஏற்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் தொடங்கியவர்களின் காலத்தோடு முடியாமல் நூறாண்டு கடந்து நடைபெறுகிறது. பக்தியானாலும் பலசரக்கானாலும் தொடர்ந்து செய்வோரின்றி ஸ்தாபனம் இல்லை.

5. திண்ணையும் மகாசபையும்

மகாசபைக் கூட்டத்தில் கணக்கு வாசிக்கும்போது நாம் கொட்டாவி விடுகிறோம். கூட்டம் கலைந்தபின் திண்ணையில் சிங்கமாகிறோம். கேட்கவேண்டிய இடத்தில் கேட்காதவனுடைய சந்தேகம் புறங்கூறலாக முளைக்கிறது. நேர்மையான பொக்கிஷதாருக்குக் கேள்வி பாதுகாப்பு. நேர்மையற்றவருக்கு நம்முடைய மௌனமே பாதுகாப்பு. எவருக்கு உதவுகிறோம் என்பதை ஒவ்வொருவரும் யோசிக்கவேண்டும்.

ஊர் கூடி இழுக்கும் தேரில், வடத்தைத் தொட்டுக்கொண்டு மட்டும் நடப்பவரும் வியர்வையைத் துடைத்துக்கொள்வதுண்டு. தேர் மெல்ல நகரும்போது பிறர் அதை அறியார். பள்ளத்தில் சிக்கிய அன்று, இழுத்தவர் யார், தொட்டவர் யார் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும்.

சிந்தனைக்குரிய வினாக்கள்

(1) சென்ற ஆண்டு நீங்கள் வாங்கிய கடன், கேட்ட காரியத்திற்கே செலவாயிற்றா?
(2) நீங்கள் ஜாமீனிட்டவருடைய தவணை நாள் உங்களுக்குத் தெரியுமா?
(3) சென்ற மகாசபையில் நீங்கள் கேட்ட கேள்வி யாது?
(4) இன்றைய காரியதரிசி நாளை விலகினால், பேரேட்டை ஏற்க நீங்கள் ஆயத்தமா?