இரவில் லாரியை எங்கே போடுவது?

நாமக்கல்லில் லோடு ஏற்றிக் கிளம்பும் டிரைவரிடம் ராத்திரி எங்கே படுப்பீர்கள் என்று கேட்டால், "தூக்கம் வர்ற எடத்துல ஓரங்கட்டிக்கலாம்" என்பார். விபத்துக்கு அங்கேதான் வழி பிறக்கிறது. கண் சொருகிய பிறகு இடம் தேடக்கூடாது. கிளம்பும் முன்பே முடிவு செய்யுங்கள்.

பெங்களூரு லோடு என்றால் ஊருக்குள் நோ என்ட்ரி நேரம் எது என்று முதலில் கேளுங்கள். சீக்கிரம் போனால் ஓசூர், அத்திப்பள்ளி ரோட்டோரத்தில் காத்துக் கிடக்க வேண்டும். அந்தக் காத்திருப்பை நாமக்கல் ஷெட்டிலேயே முடித்துக்கொள்ளலாம்.

இனி இடம். என் முதல் தேர்வு பெரிய வளாகமுள்ள பெட்ரோல் பங்க். டீசலை அங்கேயே போடுங்கள்; ஆனால் போடும் முன்பே, "விடியற வரைக்கும் வண்டியப் போட்டுக்கலாமாண்ணே?" என்று கேட்டுவிடுங்கள். போட்ட பிறகு கேட்டால் உங்கள் பேச்சுக்கு மதிப்பில்லை. எண்ணெய் நிறுவனங்களின் 'அப்னா கர்' விடுதி உள்ள பங்க் என்றால் படுக்கை, குளியல் வசதியும் உண்டு. அடுத்தது டோல்கேட் பக்கத்து லாரி நிறுத்துமிடம். அதற்கும் அடுத்துதான் தாபா. அதுவும் ஏற்கெனவே நாலு லாரி நிற்கிற தாபா. எட்டரை மணிக்குள் நுழைந்துவிடுங்கள், அப்புறம் இடம் நிரம்பிவிடும். மாற்று இடம் ஒன்றும் கைவசம் இருக்கட்டும், நடுவில் மலைப்பாதை வராதபடி. பெங்களூரிலிருந்து திரும்பும்போது தர்மபுரியிலேயே படுங்கள். தூக்கக் கண்ணோடு தொப்பூர் கணவாயில் இறங்கவே கூடாது.

வெள்ளைக்கோட்டைத் தாண்டி ஓரமாகத்தானே நிற்கிறேன் என்பதெல்லாம் செல்லாது. பின்னால் வருகிறவனுக்கு இருட்டில் உங்கள் வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று தெரியாது. பிறருக்கு ஆபத்தாகும்படி வண்டியை நிறுத்துவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 122ஆம் பிரிவும் தடுக்கிறது. சர்வீஸ் ரோடும் வேண்டாம். ஊர்க்காரர்களின் பைக் போகும் வழி அது.

வண்டி பழுதாகி நின்றால் மட்டும் வேறு வழியில்லை. நாலு இண்டிகேட்டரையும் போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் தள்ளி வைத்து, நெடுஞ்சாலை உதவி எண் 1033க்கு அழையுங்கள்.

நிறுத்துமிடத்துக்குள் வண்டியைப் போட்டதும் டீசல் டேங்க் பக்கம் சுவரையோ அடுத்த வண்டியையோ ஒட்டியிருக்கட்டும். கேபினைப் பூட்டிக்கொண்டு படுங்கள்.

உரிமையாளர்களுக்கு ஒன்று: பார்க்கிங் காசை டிரைவரின் பேட்டாவில் பிடிக்காதீர்கள். லோடு இறங்கும் நேரத்தைக் குறிக்கும்போது அவர் தூங்கும் நேரத்தையும் சேர்த்துக் குறியுங்கள்.