பயன்படாத புல்தரைகளும் வறட்சி தாங்கும் தாவரங்களும்

அரசாங்க அலுவலகங்கள், பயணியர் விடுதிகள், பள்ளிக்கூடங்கள் ஆகியவற்றின் முகப்பில் புல்தரை அமைப்பது நம் நாட்டில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். தலைநகரம் டில்லிக்கு மாற்றப்படும் என்று 1911-இல் அறிவிக்கப்பட்டு, 1931-இல் புது டில்லி திறந்துவைக்கப்பட்டபோது, அந்நகரத்து மாளிகைகளைச் சுற்றிலும் பரந்த புல்வெளிகள் இடம்பெற்றன. அதனைக் கண்டு மாவட்டத் தலைநகரங்களும் அவ்வாறே செய்தன. இவ்வழக்கம் பிறந்த இங்கிலாந்தில் ஆண்டு முழுவதும் சிறு தூறலாக மழை பெய்கிறது, வெயிலும் கடுமையன்று. டில்லியிலோ ஆண்டில் பெய்யும் 70 சென்டிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட மழையில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரையுள்ள மூன்று திங்களிலேயே பெய்து முடிந்துவிடுகிறது. எஞ்சிய ஒன்பது திங்களும் புல்லைப் பசுமையாக வைத்திருப்பது குழாய் நீரே.

புல்தரை வேண்டாத பொருள் என்று இதனால் கொள்ளலாகாது. குழந்தைகள் ஓடி விளையாடுவதற்கும், மாலை நேரத்தில் மக்கள் அமர்வதற்கும் புல்லைப்போல் மிதிபடத் தாங்கும் தாவரம் வேறில்லை. ஆனால் கம்பி வேலிக்குள் அடைபட்டு, தோட்டக்காரரைத் தவிர எவர் காலும் படாத புல்தரைகள் எத்தனையோ உள்ளன. கட்டடத்தின் பக்கவாட்டில் உள்ள குறுகிய துண்டுகள், சாலை நடுவிலுள்ள திட்டுகள், சரிவான கரைகள் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு வார காலம் காலையிலும் மாலையிலும் நின்று பார்த்து, எந்தப் பகுதியில் மனிதர் நடமாட்டம் உண்டு, எதில் இல்லை என்று ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டால், மாற்றத்தக்க நிலம் எது என்பது தானே விளங்கும்.

அந்நிலம் குடிக்கும் நீரைக் கணக்கிடுவது எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர் ஒரு லிட்டர் ஆகும். வட இந்தியச் சமவெளியின் கோடையில், பசுமையாக உள்ள புல்தரை நாளொன்றுக்கு 6 மில்லிமீட்டர் நீரை ஆவியாக வெளியிடுகிறது என்று கொள்வோம். அனல் காற்று வீசும் நாட்களில் இதற்கு மேலும் ஆகும். 500 சதுர மீட்டர் புல்தரைக்கு நாள்தோறும் 3,000 லிட்டர் தேவைப்படும். கிராமப்புற வீடுகளுக்குக் குழாய் நீர் வழங்குவதற்காக 2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில் ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று அளவு வகுக்கப்பட்டது. ஆகவே, எவரும் கால் வைக்காத அச்சிறு புல்தரை ஏறத்தாழ 54 பேருடைய பங்கைக் குடித்துவிடுகிறது. மராட்டிய மாநிலத்து லாத்தூர் நகருக்கு 2016 ஏப்ரலில் மிரஜிலிருந்து இரயில் வண்டிகளில் குடிநீர் கொண்டுசெல்ல நேர்ந்ததை நினைவிற்கொண்டால், இக்கணக்கின் பொருள் நன்கு விளங்கும்.

தாவரங்கள் வறட்சியைத் தாங்கும் விதம்

‘வறட்சி தாங்கும் செடி’ என்ற பெயர் ஒன்றாயினும், அதன் பின்னுள்ள வழிகள் பல. வழி எது என்று அறியாமல் செடியைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர்.

வன்னி மரம் ஆழ வேரூன்றி, மேல்மண் வறண்டபின்னும் கீழ்மண்ணிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. கோயில்களில் தல விருட்சமாகத் தமிழ் மக்கள் அறிந்த இம்மரமே இராஜஸ்தானத்தில் ‘கேஜ்ரி’ எனப்படுவது. அம்மாநிலத்தின் மரமும் இதுவே. அங்குள்ள மற்றொரு புதரான ‘கேர்’ இலைகளையே பெரும்பாலும் துறந்துவிட்டது. அதன் பச்சைத் தண்டுகளே உணவு தயாரிக்கும் தொழிலைச் செய்கின்றன. கற்றாழை, கள்ளி முதலியன நீரைத் தம் உடலிலேயே சேமித்து வைப்பதோடு, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவின் குளிர்ச்சியில் திறக்கின்றன. பெரும்பூளையின் மீது படர்ந்துள்ள வெண்ணிறப் பஞ்சு போன்ற மயிர்கள் வெயிலைத் திருப்பி எறிகின்றன.

இனி, அருகம்புல்லின் வழியோ வேறு. நம் நாட்டுப் புல்தரைகளில் பெரும்பான்மை அருகுதான். நீர் கிடைக்காதபோது அதன் இலைகள் காய்ந்துவிடும். ஆயினும் தரைக்கடியிலுள்ள தண்டு உயிரோடு உறங்கிக்கிடந்து, முதல் மழையில் துளிர்க்கும். எனவே, அருகு உள்ள பல இடங்களில் எதையும் பெயர்க்காமல், கோடையில் நீரை நிறுத்திவிடுவதே போதுமான சீர்திருத்தமாகும். இதற்கு இடையூறாக இருப்பது தாவர நூல் அன்று. காய்ந்த புல்லைக் கண்ட மேலதிகாரி தோட்டக்காரரைக் கடிந்துகொள்வாரே என்ற அச்சம்தான். ‘இப்புல் மழைக்காகக் காத்திருக்கிறது’ என்று ஒரு பலகை நட்டுவைத்தால் அந்த அச்சம் நீங்கும்.

ஜோத்பூர் காட்டும் வழி

பாலைநிலத் தாவரங்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு நம் நாட்டில் தலையாய இடம் ஜோத்பூர். 1952-இல் பாலைநிலக் காடு வளர்ப்பு நிலையமாக அங்குத் தொடங்கப்பட்ட அமைப்பு 1959-இல் மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிலையமாக விரிவடைந்தது. அந்நகரில் ஓராண்டின் மழை சுமார் 36 சென்டிமீட்டர்தான். மெஹ்ரான்கர் கோட்டையை அடுத்துள்ள பாறை நிலத்தில், ஏறத்தாழ 70 ஹெக்டேர் பரப்பில், 2006 முதல் ஒரு பெரும் பணி நடைபெற்றது. பிரதீப் கிருஷன் என்னும் தாவர அறிஞரின் வழிகாட்டுதலில் அமைந்த இவ்விடம் ராவ் ஜோதா பாலைப் பாறைப் பூங்கா எனப்படுகிறது. அயல்நாட்டிலிருந்து வந்த சீமைக்கருவேல் அப்பாறைகளை முற்றிலும் மூடியிருந்தது. வெட்ட வெட்டத் துளிர்க்கும் அதனை ஒழிப்பதற்குக் கல் உடைப்பதில் தேர்ந்த தொழிலாளரை அமர்த்தி, பாறையைக் குடைந்து வேரோடு எடுத்தனர். அவ்வாறு உண்டான குழிகளில் அம்மண்ணுக்கே உரிய கள்ளி, புதர், புல் வகைகளை நட்டனர்.

இதிலிருந்து புல்தரையை மாற்ற முற்படுவோர் அறியவேண்டிய செய்தி இரண்டு. சீமைக்கருவேலும் வறட்சி தாங்கும் தாவரமே. ஆகவே அந்தத் தகுதி ஒன்றே போதாது, அது பரவிப் பிறவற்றை அழிக்குமா என்பதையும் பார்த்தல் வேண்டும். உண்ணிச்செடியை அழகுக்காக நடுவோருக்கும் இது பொருந்தும். மற்றொன்று, நல்ல செடியின் பட்டியலை நாற்றங்காலில் தேடுவதைவிட, அருகிலுள்ள தரிசிலும் கரட்டிலும் கோடை மத்தியில் போய்த் தேடுவதே சிறந்தது. மே மாதத்தில் எவரும் நீர் ஊற்றாமல் பச்சையாக நிற்பது எதுவோ, அதுவே அவ்வூருக்கு ஏற்ற செடி.

மண்ணும் செடியும்

ஜோத்பூரின் செடியை லாத்தூரில் நடுவது அறிவுடைமை அன்று. மேற்கு இராஜஸ்தானத்து மணலில் நீர் தங்காது. ஆண்டுக்கு 25 சென்டிமீட்டருக்கும் குறைவான மழையுள்ள ஜெய்சால்மர்ப் பகுதியில் ‘சேவண்’ புல் அம்மணலில் பல்லாண்டு வாழ்கிறது. தக்காணத்துக் கரிசல் மண்ணோ கோடையில் வெடிக்கும்; மழையில் ஊறிச் சேறாகும். அச்சேற்றில் பாலைநிலச் செடிகள் பல வறட்சியால் அன்றி, வேர் அழுகி மடியும். கரிசலில் அந்நிலத்துக்கே உரிய மார்வேல் புல், கருவேல், சரிவுகளில் வெட்டிவேர் ஆகியவை பொருத்தமானவை. ஆவாரை இராஜஸ்தானத்திலும் தென்னாட்டிலும் இயற்கையாக வளர்வது. மஞ்சள் மலரால் அழகும் தருவது. நீர் தேங்காத மேட்டுப் பகுதியில் மட்டும் அதனை வைக்கவேண்டும். கொழுக்கட்டைப் புல்லும் விராலியும் சரளை மண்ணில் நன்கு வரும். தாழ்ந்து படரும் பசும்போர்வையே வேண்டுமென்போர், ஓரளவு ஈரம் கிட்டும் இடத்தில் பொடுதலையைப் பரப்பலாம். அதற்கு வெட்டும் கருவியின் தேவை மிகக் குறைவு.

மண்ணின் வடிகாலை அறிய 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள குழி ஒன்று தோண்டி நீரால் நிரப்பி, அது வடிந்தபின் மறுமுறையும் நிரப்பிப் பார்க்கவேண்டும். ஒரு நாள் கழிந்தும் நீர் நின்றால், அங்குக் கள்ளி, கற்றாழை வகைகளை நினைக்கவே வேண்டாம்.

அரளி வறட்சியை மிக நன்றாகத் தாங்கும். நெடுஞ்சாலைகளின் நடுவே வரிசையாக நிற்பதும் அதுவே. ஆயினும் அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சாதலால், பள்ளி வளாகத்திலும் கால்நடை வரும் இடத்திலும் அதனைத் தவிர்ப்பது நலம்.

நடும் முறை

பழைய புல்லை நீக்குவதே கடினமான வேலை. கோடை உழவின் பயனை உழவர் நன்கறிவர். ஏப்ரல், மே திங்களில் நிலத்தைக் கொத்திப் புரட்டி, அருகின் கிழங்கு போன்ற தண்டுகளைப் பொறுக்கி வெயிலில் காயவிடவேண்டும். இருமுறை மும்முறை செய்தாலன்றி அது அடங்காது. முழுத் தரையையும் ஒரே ஆண்டில் பெயர்ப்பதைவிட, சிறு பகுதியில் தொடங்குவது மேல். பெயர்த்த மண்ணை வெறுமையாக விட்டால் புழுதி எழும், முதல் மழையில் மேல்மண்ணும் அரித்துச் செல்லப்படும். சருகு அல்லது வைக்கோலால் மூடி வைத்தல் அவசியம். சிமெண்டுத் தளமோ, கருங்கல் சரளையோ பரப்பிவிடுவது எளிய வழியாகத் தோன்றும். ஆனால் அவை வெயிலை வாங்கிக் கட்டடத்தையே சுடவைக்கும்.

நடுவதற்குரிய காலம் பருவமழையின் தொடக்கம். பெரிய தொட்டிச் செடியைவிடச் சிறு கன்றே சிறந்தது. தொட்டியில் நெடுநாள் இருந்த செடியின் வேர் சுருண்டு, பின்னர் ஆழம் செல்லாது. வன்னிக்கு இது பெரிதும் பொருந்தும். அதன் விதையை ஓரிரவு நீரில் ஊறவைத்து நிலத்திலேயே ஊன்றலாம். அது மெதுவாக வளரும் மரம் என்பதையும் முன்னரே சொல்லிவைத்தல் நலம்.

வறட்சி தாங்கும் செடிக்கு முதல் நாளிலிருந்தே நீர் வேண்டாம் என்று எண்ணுவதாலேயே பல முயற்சிகள் வீணாகின்றன. வேர் ஆழம் செல்லும் வரை எச்செடியும் குழந்தைதான். முதலாண்டின் மழையற்ற காலத்தில் வாரத்துக்கு ஒருமுறை வேர்ப்பகுதி நன்றாக நனையும்படி ஊற்றி, இரண்டாம் ஆண்டில் இடைவெளியை நீட்டி, பின்னர் நிறுத்திவிடலாம். நாள்தோறும் சிறிது தெளிப்பது தீங்கானது. அதனால் வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிடுகிறது.

பள்ளியில் இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், ஆவாரைக் கிளை ஒன்றின்மீதும் கல்வாழை இலை ஒன்றின்மீதும் ஒரே அளவுள்ள தெளிவான பாலிதீன் பைகளைக் காலையில் கட்டச் செய்து, நண்பகலில் அவற்றுள் சேர்ந்த நீரை அளக்கச் செய்யலாம். இலைகளின் பரப்பைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து எண்ணி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இவ்வளவு என்று ஒப்பிடுதல் வேண்டும். இல்லையேல் பெரிய இலையின் அளவே மாணவரை மயக்கிவிடும். இதே சோதனையை மழைக்காலத்தில் ஒருமுறையும், மண் வறண்ட ஏப்ரலில் ஒருமுறையும் செய்து, இரு முடிவுகளையும் அடுத்தடுத்துக் குறித்துவைக்கலாம்.