பச்சோந்திக் குட்டிக்கு உடம்பு சரியில்லை: ஒரு கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பாடம்

பச்சோந்தி என்றாலே நமக்கு ஞாபகம் வருவது இரண்டு விஷயம். ஒன்று, நிறம் மாறுவது. இரண்டு, தேர்தல் நேரத்தில் கட்சி மாறுவது. இந்தக் கட்டுரை இரண்டைப் பற்றியும் இல்லை. வீட்டில் வளர்கிற ஒரு பச்சோந்திக் குட்டி நோயில் விழுந்தால் அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது, வளர்ப்பவர் என்ன செய்யணும், என்ன செய்யவே கூடாது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம். 'இது ஜூவாலஜி பாடமாச்சே, நமக்கு எதுக்கு?' என்று நகர்ந்து விடாதீர்கள். வகுப்பில் பிளாக் டயகிராமாக வரைந்த ஃபீட்பேக் லூப் இங்கே உயிரோடு ஓடிக்கொண்டிருக்கிறது.

ஆரம்பிக்கும் முன் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். நம்ம ஊர் வேலியிலும் புதரிலும் பார்க்கிற இந்தியப் பச்சோந்தி, 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினம். அதைப் பிடித்து வளர்ப்பது குற்றம். அடிபட்டுக் கிடந்தால் வனத்துறைக்குத் தகவல் சொல்வதுதான் சரியான வழி. நாம் பேசப்போவது அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் செல்லப்பிராணிக் கடைகளில் விற்கப்படும் 'வெய்ல்டு கேமிலியன்' பற்றி. ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையும் அதன் சொந்த ஊர். தலையில் கிரீடம் மாதிரி ஒரு எலும்பு மேடு இருக்கும். கூண்டிலேயே நன்றாக இனப்பெருக்கம் செய்வதால், கடைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை சில மாதக் குட்டிகள். நோயில் விழுவதும் அந்த வயதில்தான் அதிகம்.

நோயை மறைக்கும் உடம்பு

காட்டில் பலவீனமாகத் தெரிகிற பிராணி, பாம்புக்கோ பறவைக்கோ உடனே இரையாகிவிடும். அதனால் பச்சோந்தி தன் நோயைக் கடைசி வரை வெளியே காட்டிக்கொள்ளாது. இது நடத்தையில் நடக்கும் மறைப்பு. ரத்தத்திலும் இன்னொரு மறைப்பு நடக்கிறது. அதுதான் நம்ம பாடம்.

நரம்பு வேலை செய்ய, தசை சுருங்க, இதயம் துடிக்க ரத்தத்தில் கால்சியம் ஒரு குறிப்பிட்ட அளவில் இருந்தே ஆகணும். இதை செட் பாயின்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழுத்துப் பகுதியில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிதான் சென்சாரும் கன்ட்ரோலரும். ரத்தத்தில் கால்சியம் கொஞ்சம் குறைந்தால் போதும், அது ஒரு ஹார்மோனை வெளியிடும். அந்த ஹார்மோன் மூன்று வேலைகளைச் செய்கிறது. எலும்பைக் கரைத்துக் கால்சியத்தை எடுக்கிறது. சிறுநீரகம் வழியாகக் கால்சியம் வீணாகாமல் தடுக்கிறது. வைட்டமின் டி-யைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்றச் சொல்லி, குடல் அதிகக் கால்சியத்தை உறிஞ்ச வைக்கிறது. அளவு சரியானதும் ஹார்மோன் குறைந்துவிடும். அச்சு அசல் நெகட்டிவ் ஃபீட்பேக்.

இப்போ உணவில் கால்சியமே வரவில்லை, வைட்டமின் டி-யும் இல்லை என்றால்? குடலில் இருந்து சப்ளை கிடையாது. கன்ட்ரோலருக்கு மிச்சம் இருப்பது எலும்பு மட்டும்தான். அதையே கரைத்துக் கரைத்து ரத்தத்தின் அளவைப் பிடித்து வைக்கும். கரன்ட் போன பிறகும் யூ.பி.எஸ். இருக்கிற வரை கம்ப்யூட்டர் ஜம்மென்று ஓடுகிற மாதிரி. ஸ்கிரீனைப் பார்த்தால் எந்தப் பிரச்சினையும் தெரியாது, உள்ளே பேட்டரி இறங்கிக்கொண்டே இருக்கும்.

வளர்ந்த பிராணிக்கு அந்த பேட்டரி பெரியது. குட்டிக்கு எலும்பே இப்போதுதான் உருவாகிறது, அதனால் கால்சியம் தேவை அதிகம், சேமிப்போ குறைவு. நமக்குக் கண்ணில் தெரியும்போது நோய் பல வாரம் முன்னேறியிருக்கும். மெட்டபாலிக் எலும்பு நோய் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

சப்ளை எங்கே அறுந்தது?

பூச்சி சாப்பிடுகிற பிராணிக்குக் கால்சியம் கிடைக்க நாலு விஷயம் ஒன்றாக இருக்கணும். ஒன்று போனாலும் சங்கிலி அறுந்துவிடும்.

முதலாவது ஒளி. 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள யூ.வி.பி. கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகத் தொடங்கும். சாதாரண எல்.இ.டி. பல்பில் இந்தக் கதிர் கிடையாது. ஜன்னல் கண்ணாடி இதை ஏறக்குறைய முழுசாகத் தடுத்துவிடும். அதனால் 'வெயில் வர்ற ஜன்னல் பக்கம்தான் கூண்டை வெச்சிருக்கோம்' என்பது பலன் தராது. யூ.வி.பி. குழல் விளக்குதான் வேண்டும். அந்த விளக்கிலும் ஒரு சிக்கல். நாள் ஆக ஆக யூ.வி.பி. குறையும், கண்ணுக்குத் தெரியும் வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கும். அதனால் 6 முதல் 12 மாதத்துக்குள் மாற்றிவிட வேண்டும். குட்டி வெயில் காயும் கிளையில் யூ.வி. இண்டெக்ஸ் 3-ஐ ஒட்டி இருந்தால் போதும். தூரத்தையும் கவனிக்கணும். நீளமான குழல் விளக்குக்குப் பக்கத்தில் நீங்கள் படித்த வர்க்கத் தலைகீழ் விதி அப்படியே பொருந்தாது, செறிவு ஏறக்குறைய தூரத்துக்குத் தலைகீழாகக் குறையும். கூண்டு மேலே இருக்கும் கம்பி வலையும் ஒரு பங்கைத் தடுக்கும். மனக்கணக்கு போடுவதை விட மீட்டர் வைத்து அளப்பது நல்லது.

இரண்டாவது உணவு. உணவில் கால்சியமும் பாஸ்பரஸும் 1:1 முதல் 2:1 வரை இருக்கணும். தீனியாக விற்கப்படும் சில்வண்டில் நிலைமை தலைகீழ். கால்சியத்தைப் போல பல மடங்கு பாஸ்பரஸ் இருக்கிறது. அதனால்தான் குட்டிகளுக்கு ஏறக்குறைய எல்லா வேளையும் பூச்சி மேல் டி3 கலக்காத கால்சியம் பொடியைத் தூவிக் கொடுக்கிறார்கள். டி3 கலந்த வைட்டமின் பொடி மாதத்துக்கு இரண்டு முறை போதும். பூச்சிக்கும் முந்தின நாளே நல்ல கீரையும் காய்கறியும் கொடுக்கணும், ஏனென்றால் பூச்சி தின்றதைத்தான் பச்சோந்தியும் தின்கிறது. பாலக் மட்டும் கொடுத்தால் அதில் இருக்கும் ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பூச்சியின் அளவு, பச்சோந்தியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது.

மூன்றாவது வெப்பம். பச்சோந்தியால் தன் உடம்பைத் தானே சூடாக்கிக்கொள்ள முடியாது. வெப்பம் இல்லையென்றால் செரிமானமும் நடக்காது, தோலில் உருவான மூலப்பொருள் டி3 ஆக மாறுவதும் மந்தமாகும். குட்டிக்கு வெயில் காயும் இடத்தில் 29 முதல் 30 டிகிரி செல்சியஸ் போதும். கூண்டின் மறுபக்கம் 24 டிகிரி அளவில் இருக்கணும். சின்ன உடம்பு சீக்கிரம் சூடாகும் என்பதால் அதிகச் சூடும் ஆபத்துதான்.

நாலாவது தண்ணீர். கிண்ணத்தில் தேங்கி நிற்கும் தண்ணீரைப் பச்சோந்தி பெரும்பாலும் கண்டுகொள்ளாது. இலை மேல் உருளும் துளிகளைத்தான் நக்கிக் குடிக்கும். அதனால் தண்ணீர் நிறைந்த கிண்ணத்துக்குப் பக்கத்திலேயே தாகத்தில் வாடும் குட்டிகள் உண்டு.

எந்த அறிகுறி என்ன சொல்கிறது?

பகலில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பது: பெரிய அபாய மணி. ஆரோக்கியமான பச்சோந்தி பகலில் தூங்காது. நீர் இழப்பு, வைட்டமின் ஏ குறைபாடு, கண்ணில் தூசி, தொற்று, எது வேண்டுமானாலும் காரணமாக இருக்கலாம்.

கண் உள்ளே குழிந்திருப்பது, கழிவின் வெள்ளைப் பகுதி ஆரஞ்சு நிறமாவது: உடம்பில் நீர் குறைந்துவிட்டது.

நாக்கு பூச்சியை எட்டாமல் போவது: இதைக் கட்டாயம் கவனியுங்கள். அந்த நாக்கு ஒரு கேட்டபல்ட். தசை முதலில் மீள்திசுக்களில் ஆற்றலைச் சேமித்து, பிறகு ஒரே நொடியில் விடுவிக்கிறது. உடம்பு நீளத்தைத் தாண்டிப் பாயும் அந்த நாக்கு பாதி தூரத்தில் தொங்கினால், தசைக்குக் கால்சியம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம்.

கிளையைப் பிடிக்க முடியாமல் விழுவது, கால் வளைவது, வயிற்றைத் தரையில் இழுத்து நடப்பது, தாடை ரப்பர் மாதிரி இளகுவது: எலும்பு ஏற்கெனவே கரைந்துவிட்டது.

விரலும் காலும் வெட்டி வெட்டி இழுப்பது: யூ.பி.எஸ். காலி. ரத்தத்திலேயே கால்சியம் இறங்கிவிட்டது. இது அவசர நிலை, ஒரு மணி நேரம் கூடத் தாமதிக்கக் கூடாது.

வாயைத் திறந்து மூச்சு வாங்குவது, வாயில் சளிக் குமிழி: சூடு அதிகமா என்று முதலில் பாருங்கள். சூடு சரியாக இருந்தும் தொடர்ந்தால் நுரையீரல் தொற்றாக இருக்கலாம்.

முதல் நாள் என்ன செய்யணும்?

முதல் வேலை, ஊர்வன பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டு நேரம் வாங்குவது. நாய், பூனை மட்டும் பார்க்கிறவருக்கு இது பழக்கமில்லாத கேஸாக இருக்கலாம், அதனால் முதலிலேயே கேட்டுவிடுங்கள். அதுவரை செய்ய வேண்டியவை:

1. விழுந்தாலும் அடிபடாத மாதிரி கிளைகளைத் தாழ்வாகக் கட்டுங்கள். அடியில் மெத்தென்று துணி விரியுங்கள்.
2. விளக்கு, தூரம், வெப்பம் மூன்றையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். கூண்டையும் விளக்கின் அட்டைப்பெட்டியையும் போட்டோ எடுங்கள். மருத்துவருக்குப் பாதி விடை அதில்தான் இருக்கும்.
3. இலைகளின் மேல் மெல்லிய சாரலாகத் தண்ணீர் தெளியுங்கள். அது தானாகக் குடிக்கட்டும்.
4. புதிதாகப் போட்ட கழிவை ஒரு சின்ன டப்பாவில் மூடி எடுத்து வையுங்கள். குடற்புழு இருக்கிறதா என்று பார்க்க உதவும்.
5. கூண்டைத் துணியால் பாதி மறைத்து, சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். பச்சோந்திக்கு நம்ம முகமே ஒரு பயம்தான்.

செய்யக் கூடாதவை இதைவிட முக்கியம். கிளையைப் பிடித்திருக்கும் குட்டியைப் பிடுங்கி எடுக்காதீர்கள். இளகிய எலும்பு அப்படியே முறியும். கையைக் கீழே நீட்டி, அதுவாக ஏற விடுங்கள். வாய்க்குள் தண்ணீரைப் பீச்சாதீர்கள், மூச்சுக்குழல் வாய் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது, தண்ணீர் நுரையீரலுக்குப் போய்விடும். நீர் வற்றிய குட்டிக்கு வலுக்கட்டாயமாகத் தீனி ஊட்டாதீர்கள். 'கால்சியம்தானே குறைச்சல்' என்று நாம் சாப்பிடும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கவே கூடாது. டி3 அதிகமானால் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் கால்சியம் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். கெயினை ஏகத்துக்கு ஏற்றினால் சிஸ்டம் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

மருத்துவர் எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் அடர்த்தியையும் முறிவையும் பார்ப்பார். தேவைப்பட்டால் ரத்தத்தில் கால்சியத்தை அளப்பார். எடைக்குக் கணக்கிட்டு நீரும் கால்சியமும் கொடுப்பார், புழுவோ தொற்றோ இருந்தால் அதற்குத் தனி மருந்து. ஆனால் மருந்து பேட்டரியைத் தற்காலிகமாகச் சார்ஜ் செய்வது மட்டும்தான். பழைய விளக்குக்கே, பொடி தூவாத பூச்சிக்கே குட்டி திரும்பிப் போனால் அதே நோய் திரும்ப வரும். கூண்டைச் சரி செய்வதும் சிகிச்சையில் ஒரு பாகம்.

நாம்தான் சென்சார்

இந்த லூப்பில் ஒரு டிசைன் குறை இருக்கிறது. ரத்தத்தின் அளவை அது காப்பாற்றுகிறது, எலும்பின் இருப்பை வெளியே காட்டும் அலாரம் மட்டும் கிடையாது. அந்த அலாரத்தை வெளியே இருந்து நாம்தான் வைக்கணும். செலவும் அதிகமில்லை. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு, ஒரு நோட்டு. வாரம் ஒரு முறை, ஒரே நேரத்தில் எடை போட்டு எழுதுங்கள். கூடவே எத்தனை பூச்சி சாப்பிட்டது, நாக்கு எத்தனை முறை குறி தவறியது, கழிவு என்ன நிறம், விளக்கு மாட்டிய தேதி என்ன என்பதையும் குறித்து வையுங்கள். வளர வேண்டிய வயதில் எடைக் கோடு தட்டையாக நின்றால் அதுவே முதல் எச்சரிக்கை. கீழே இறங்கினால் மருத்துவரிடம் போகும் நேரம் வந்துவிட்டது.

சீக்கிரம் கண்டுபிடித்தால் பல குட்டிகள் தேறிவிடும். எலும்பு மறுபடி இறுகும். ஆனால் ஏற்கெனவே வளைந்த கால் பெரும்பாலும் வளைந்தபடியேதான் இறுகும், நேராகாது. சில குட்டிகள் எவ்வளவு பார்த்தாலும் பிழைப்பதில்லை. எனவே யாராவது 'அழகா இருக்கு, ஒண்ணு வாங்கலாமா?' என்று கேட்டால், குட்டியின் விலையை மட்டும் சொல்லாதீர்கள். வருஷா வருஷம் மாற்றும் விளக்கு, தினமும் தெளிக்கும் தண்ணீர், பக்கத்தில் ஊர்வன மருத்துவர் இருக்கிறாரா என்ற கேள்வி, எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்தக் கணக்குக்குத் தயாராக இல்லாதவர் அதை வாங்காமல் இருப்பதே அந்தக் குட்டிக்குச் செய்யும் பெரிய உதவி.